ஏரிக்கரைக் கோட்டையும் அதன் நிலவறையும்



சென்ற இதழில் சுவிற்சர்லாந்தின் மலை ரெயில்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி, “மலையும் மாடும் சொக்கிலேற்றும் தவிர அந்த நாட்டில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறது. கோட்டைகள் இருக்கின்றன. எழுநூறு, எண்ணூறு வருடத்துப் பழைய கோட்டைகள். கடந்த வருடம் புரட்டாதி மாதம் தங்கையிடம் போய் நின்றபோது அவற்றில் இரண்டு இடங்களைப் பார்த்தேன். இந்த மாதம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

தங்கை பேர்ண் நகரத்துக்கு அண்மையில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவாள். அந்த நாட்டுக்குப் போய் முப்பத்தைந்து வருடமாகிறது. கோட்டை பார்க்கப் போவோமா என்று நான் கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

“நான் வரேல்லை அக்கா. நீங்களும் பிள்ளையும் போட்டு வாங்கோ. கோட்டையிலை என்ன கிடக்கு பாக்க?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீடு யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேலாகக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தது. கோட்டைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவோம். எண்ணி முடிப்பதற்குள் எங்கேயோ விழுந்துவிடும். அந்த வருடம் வெளிக்கிட்டவள்தான் தங்கை. கோட்டை என்ற சொல் அவளுக்கு அந்தச் சத்தம்தான். அவள் வேலைக்குப் போகும் வழியிலும் மலைமேல் பழைய கோட்டை ஒன்று தெரியும். இத்தனை வருடமாக அதை நிமிர்ந்து பார்த்ததில்லையாம்.

கடைசியில் பெறாமகள்தான் தாயைச் சம்மதிக்க வைத்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். “அம்மா, உங்கடை லீவு நாளிலை வேறை என்ன செய்யப் போறியள்? நித்திரைதானே?” என்று சொல்லி, நாள் முழுவதும் எந்த ரெயிலிலும் போகக்கூடிய ரிக்கெற்றை மூன்று பேருக்கும் முன்கூட்டியே மலிவாக எடுத்துவிட்டாள். காசு கொடுத்த பிறகு தங்கைக்கு மறுக்க மனம் வரவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் உள்ள குணம்.

முதலில் போனது பெலின்சோனா. இது நாட்டின் தெற்கில், இத்தாலிய மொழி பேசும் பகுதியில் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மணித்தியாலப் பயணம். வழியில் 57 கிலோமீற்றர் நீளமான ஒரு சுரங்கம் வருகிறது. 2016இல் திறக்கப்பட்ட இந்தக் கொட்ஹார்ட் சுரங்கத்தைக் கடக்க இருபது நிமிடம் போகிறது. உள்ளே போகும்போது மேகமும் குளிரும். வெளியே வந்தால் நல்ல வெயில்.

அல்ப்ஸ் மலையில் மூன்று கணவாய்களால் இறங்கி வரும் பாதைகள் பெலின்சோனாவில் வந்து கூடுகின்றன. அங்கே பள்ளத்தாக்கு ஒடுங்கியிருப்பதால், அந்த இடத்தை மறித்தவன் கையில் வணிகமும் வரியும் படையும் இருக்கும். அதனால் மிலான் நகரத்துப் பிரபுக்கள் அங்கே மூன்று கோட்டைகளை வைத்திருந்தார்கள். ஊர் நடுவே பாறை மேல் கஸ்தெல்கிராண்டே, அதற்கு எதிரே மொந்தெபெல்லோ, எல்லாவற்றுக்கும் மேலே மலையில் சாசோ கொர்பாரோ. இவை போதாதென்று பள்ளத்தாக்கின் குறுக்கே ஆறு வரைக்கும் ஒரு நீண்ட மதிலும் கட்டினார்கள். எல்லாம் வடக்கிலிருந்து வரும் சுவிஸ்காரரைத் தடுப்பதற்காக. 1478ஆம் ஆண்டு மார்கழியில் சுவிஸ்காரரிடம் ஒரு சண்டையில் தோற்றதும் மிலான்காரருக்குப் பயம் பிடித்தது. அடுத்த வருடமே சாசோ கொர்பாரோவை ஆறே மாதத்தில் கட்டி எழுப்பினார்கள்.

ஆறு மாதம்! அந்த மலையில் ஏறி நின்று கீழே பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஊரிலிருந்து 230 மீற்றர் உயரம். அந்தக் கல்லையும் சுண்ணாம்பையும் தண்ணீரையும் யார் மேலே சுமந்திருப்பார்கள்? அவர்கள் வயலில் அந்த வருடம் யார் விதைத்திருப்பார்கள்? பங்கர் வெட்ட ஆள் பிடித்த நாட்களை அறிந்த எங்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அங்கே வைத்திருக்கும் விளக்கப் பலகையில் பிரபுவின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோட்டைகளுக்கு என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை. 1500ஆம் ஆண்டு பெலின்சோனா மக்கள் தாங்களாகவே சுவிஸ்காரரின் பக்கம் போய்விட்டார்கள். யாரைத் தடுக்கக் கட்டினார்களோ அவர்கள் கையிலேயே மூன்று கோட்டையும் வந்து சேர்ந்தன. அந்த நீண்ட மதிலையும் எந்தப் படையும் உடைக்கவில்லை. 1513இல் மேலே ஒரு மலை சரிந்து ஆற்றை மறித்துப் பெரிய குளமாக்கியது. 1515இல் அந்த அணை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் மதிலின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது.

2000ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கோட்டைகள் உலக மரபுரிமைச் சின்னங்கள். கஸ்தெல்கிராண்டே நிற்கும் பாறையைக் குடைந்து லிப்ற் வைத்திருக்கிறார்கள். முழங்கால் நோவுள்ளவர்களும் போகலாம். சரிவில் முந்திரிகைத் தோட்டம். எங்கள் ஊர்ப் பந்தல் போல இல்லாமல் நிரை நிரையாகக் கம்பியில் படர விட்டிருந்தார்கள். தங்கை மதில் பக்கம் போகாமல் முந்திரிகைக் குலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டை முற்றத்துப் புல்லில் இருந்து, கொண்டுபோன புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் சாப்பிட்டோம். சின்னப் பிள்ளைகள் கோபுரத்தடியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தச் சனத்துக்குச் சண்டையெண்டா என்னெண்டே தெரியாது” என்றாள் தங்கை.

பெறாமகள் மறுத்தாள். சுவிஸ்காரர் தங்களுக்குள்ளேயே அடிபட்ட கடைசி யுத்தம் 1847இல் நடந்ததாம். கத்தோலிக்க மாநிலங்கள் சில ஒரு பக்கம், மற்ற மாநிலங்கள் மறுபக்கம். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். மற்ற மாநிலங்களின் படைக்குத் தலைமை தாங்கியவர் டுபூர் என்ற தளபதி. காயப்பட்டவரையும் சரணடைந்தவரையும் கொல்லக்கூடாது, வீடுகளைச் சூறையாடக்கூடாது என்று தன் படைக்குக் கட்டளை இட்டவர் அவர். 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய ஐந்து பேரில் அவரும் ஒருவர். எங்களில் எத்தனையோ பேரின் வீட்டுக்கு அந்தச் சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளை வாகனம் ஒரு கடிதத்தோடு வந்து நின்றிருக்கிறது. அதன் தொடக்கத்தில் ஒரு படைத்தளபதியும் இருந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இரண்டு கிழமை கழித்துத் தங்கைக்கு அடுத்த லீவு வந்தது. இம்முறை பிரெஞ்சு மொழி பேசும் மேற்குப் பக்கம் போனோம். லெமான் ஏரி என்றும் ஜெனீவா ஏரி என்றும் சொல்லும் பெரிய ஏரியின் கிழக்குக் கரையில், மொன்றோ நகரத்தைத் தாண்டி ஒரு சின்ன ரெயில் நிலையத்தில் இறங்கினோம். பெயர்ப்பலகையைப் பார்த்துத் தங்கை நின்றுவிட்டாள்.

“அக்கா, சிலோன் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘சில்லோன்’ என்றே வாசிக்கத் தோன்றும். பிரெஞ்சுக்காரர் அதை ‘ஷியோன்’ என்கிறார்கள். மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவியும் காரணம் தெரியாமல் சிரித்தார். தங்கைக்கும் கோட்டைக்கும் இடையிலிருந்த கோபம் அதோடு கொஞ்சம் குறைந்தது என்று நினைக்கிறேன்.

ஷியோன் கோட்டை கரையை ஒட்டிய ஒரு பாறைத் தீவில் நிற்கிறது. தண்ணீரில் மிதப்பது போலவே இருக்கும். சின்னப் பாலத்தால் உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஏரி. நடுவே பாதைக்கு மட்டும்தான் இடம். இத்தாலிக்குப் போகும் வணிகர்கள் அந்தப் பாதையால்தான் போயாக வேண்டும். 12ஆம் நூற்றாண்டிலிருந்து சவோய்ப் பிரபுக்கள் அங்கே இருந்து சுங்கம் வாங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பீற்றர் என்ற பிரபு கோட்டையைப் பெருப்பித்துக் கட்டினார். மலைப் பக்கத்தில் கனத்த மதில், அம்பு விடும் ஒடுங்கிய துவாரங்கள், மூன்று கோபுரங்கள். ஏரிப் பக்கத்தில் அழகிய பெரிய யன்னல்கள். பாதையால் வருபவனுக்கு ஒரு முகம், உள்ளே இருந்து காற்று வாங்கும் பிரபுவுக்கு இன்னொரு முகம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பேர் பார்க்க வருகிறார்களாம்.

உள்ளே முற்றத்துக்கு முற்றம், அறைக்குள் அறை. எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. தங்கையைப் பிடித்து நிறுத்தியது பெரிய அடுப்புத்தான். ஒரு முழு மாட்டையே உள்ளே விடலாம் போலிருக்கும் அடுப்பு வாய். அவள் கிட்டப்போய்க் குனிந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். “இதுக்கு விறகு கொண்டு வந்து போட மட்டும் ரெண்டு பேர் வேணும். சட்டி தூக்க நாலு பேர். இந்தப் புகையுக்கை நிண்டவளவைக்குக் கண் தெரிஞ்சிருக்காது” என்றாள். முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சமைத்தவளின் கணக்கு அது. ஒரு வழிகாட்டியும் இப்படிச் சொல்லித் தரமாட்டார்.

பிரபுவின் படுக்கையறையில் 14ஆம் நூற்றாண்டில் தீட்டிய மிருகங்களின் ஓவியம் சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. மலகூடம் எங்கே என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் தேடினேன். பலகையில் துவாரம், அதன் கீழே நேராக ஏரி. அவ்வளவுதான். முகாமில் நூறு பேருக்கு ஒரு மலகூடம் என்று இரவு வரும் வரை காத்திருந்த எங்களுக்கு, பிரபுவின் வசதியும் அப்படி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு நிலவறைக்கு இறங்கினோம். நான் இதை எழுதுவதற்குக் காரணமே அந்த நிலவறைதான்.

கோட்டையின் அடியில், பாறையைத் தரையாக வைத்து, தூண்கள் நிரையாக நிற்கும் நீண்ட மண்டபம். கோயில் மண்டபம் போல அழகாகத்தான் இருக்கிறது. ஒடுங்கிய துவாரங்களால் ஏரி வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் நெளிகிறது. ஒரு தூணில் இரும்பு வளையம். பொனிவார் என்ற துறவி மடத்துத் தலைவரை 1530 முதல் 1536 வரை இந்தக் கோட்டையில் சிறை வைத்திருந்தார்கள். ஜெனீவா நகரத்தின் சுதந்திரத்துக்காகச் சவோய்ப் பிரபுவை எதிர்த்தது அவர் குற்றம். கடைசி நான்கு வருடமும் இந்த நிலவறையில், தூணோடு சங்கிலியில். பேர்ண் படை வந்து கோட்டையைப் பிடித்தபோதுதான் விடுதலையானார். 1816இல் பைரன் என்ற ஆங்கிலக் கவிஞர் இங்கு வந்து பார்த்துவிட்டு ‘ஷியோனின் கைதி’ என்று நீண்ட கவிதை எழுதினார். அதற்குப் பிறகு உலகமே இந்த நிலவறையைப் பார்க்க வரத் தொடங்கியது. ஒரு தூணில் பைரன் என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அதைக் கண்ணாடி போட்டுக் காக்கிறார்கள். அவர் கைப்பட வெட்டியதுதானா என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு.

வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தூணோடு நின்று படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். பிறகு பெறாமகள் எங்களை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். “பெரியம்மா, இஞ்சை இருந்தது பொனிவார் மட்டுமில்லை.”

1348இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சு போட்டார்கள் என்று யூதர்கள் மீது பழி சுமத்தினார்கள். அவர்களை இந்தக் கோட்டையில்தான் சித்திரவதை செய்து, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பின்னர் எரித்தார்கள். பொனிவாரை விடுதலை செய்த அதே பேர்ண் ஆட்சியில் இன்னொரு வகையினர் இங்கே அடைக்கப்பட்டார்கள். சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோட்டை இருக்கும் வோ மாநிலத்தில் மட்டும் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய 2000 பேரை இந்தக் குற்றச்சாட்டில் கொன்றிருக்கிறார்கள். 2011இல் இதே கோட்டையில் அதைப் பற்றி ஒரு கண்காட்சியும் வைத்தார்களாம்.

என்ன சூனியம் செய்தார்கள் என்று கேட்டேன். அயல் வீட்டு மாடு பால் கறக்கவில்லை. ஆலங்கட்டி மழை பெய்து முந்திரிகை அழிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல். யார் செய்தது என்று ஊர் தேடும்போது தனித்திருக்கும் கிழவியும், கைம்பெண்ணும், வாய் காட்டுபவளும் இலகுவில் அகப்படுவார்கள். பிடித்துக்கொண்டு வந்து கையைப் பின்னால் கட்டி கயிற்றில் தூக்குவார்கள். ஒப்புக்கொண்டால் மட்டும் விடமாட்டார்கள். உன்னோடு வேறு யார் என்று கேட்பார்கள். நோவு பொறுக்காமல் இன்னொரு பெயரைச் சொல்ல, அடுத்த நாள் அவளும் வருவாள்.

“தலையாட்டி மாதிரி” என்றாள் தங்கை. அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சகோதரிகளே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

அந்தப் பெண்கள் யாருடைய பெயரும் எந்தத் தூணிலும் இல்லை. நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பைரனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வெட்டிய பெயர்கள் நிறைய இருக்கின்றன. பெறாமகள் கைத்தொலைபேசியில் வேறொன்றும் தேடி எடுத்தாள். விடுதலையான பிறகு பொனிவார் ஜெனீவாவில் நான்கு தடவை கலியாணம் செய்தாராம். நான்காவது மனைவி கத்தரீன் மடத்தை விட்டு வந்த முன்னாள் கன்னியாஸ்திரி. 1565இல் அவள் மீது நடத்தைக் குற்றம் சாட்டி, அந்த நகர நீதிமன்றம் அவளை றோன் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. அந்த நகரத்தின் சுதந்திரத்துக்காகத்தான் அவள் புருசன் தூணோடு கட்டுண்டு கிடந்தவர். பைரனின் கவிதைக்குள் அவள் இல்லை. உலகம் அறிந்த ஒரு கைதியின் வீட்டிலேயே உலகம் அறியாத ஒருத்தி இருந்திருக்கிறாள்.

நிலவறையின் மறுபக்கத்தில் இப்போது வைன் பீப்பாய்கள் வைத்திருக்கிறார்கள். கோட்டைக்கென்றே ஒரு முந்திரிகைத் தோட்டம் இருக்கிறது, அதன் வைன். மேலே ஏறி வந்து ஏரிப் பக்க யன்னலடியில் இருந்தோம். தண்ணீர் நீலமாக இருந்தது. தங்கை பையிலிருந்து தேநீர்ப் போத்தலை எடுத்து மூன்று பேருக்கும் ஊற்றினாள்.

திரும்பும் ரெயிலில்தான் பெறாமகள் அன்னா கோல்டியின் கதையைச் சொன்னாள். அன்னா கோட்டையில் இருந்தவள் அல்ல. கிளாருஸ் என்ற மலை மாநிலத்தில் ஒரு வைத்தியர் வீட்டு வேலைக்காரி. வைத்தியர் பெரிய மனிதர், நீதவானும் கூட. அந்த வீட்டுப் பிள்ளையின் பாலில் ஊசி கிடந்தது, அன்னாதான் போட்டாள் என்றார்கள். வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். பிறகு ஆள் அனுப்பித் தேடிப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 1782ஆம் ஆண்டு ஆனி மாதம் வாளால் தலையை வெட்டினார்கள். நஞ்சூட்டினாள் என்பது தீர்ப்பு. பிள்ளையோ உயிரோடுதான் இருந்தது. சூனியக்காரி என்ற சொல்லைத் தீர்ப்பில் எழுதக்கூட அவர்களுக்கு வெட்கம். ஐரோப்பாவில் சூனியத்துக்காகக் கடைசியாகக் கொல்லப்பட்டவர்களில் ஒருத்தி என்று அவளைச் சொல்கிறார்கள்.

இருநூற்று இருபத்தாறு வருடம் கழித்து, 2008இல், கிளாருஸ் மாநில சபை அன்னா குற்றமற்றவள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2017இலிருந்து என்னெண்டா என்ற ஊரில் அவள் பெயரில் ஒரு நூதனசாலையும் இருக்கிறது.

“செத்தவளுக்கு இப்ப சொல்லி என்ன பிரயோசனம்?” என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. காணாமற்போன பிள்ளைக்காக இன்றும் கடதாசி எழுதிக்கொண்டிருக்கும் தாய்மார் எத்தனை பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தங்கைதான் பதில் சொன்னாள். “என்னக்கா இப்பிடிச் சொல்லுறியள்? அவளின்ரை பேர் இண்டைக்கு எங்கடை வாயிலை வந்துட்டுதெல்லோ.”

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, பெறாமகள் இன்னொரு செய்தி சொன்னாள். இந்த நாட்டில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தானாம். ஒரு மாநிலம் தன் உள்ளூர் வாக்கெடுப்பில் பெண்களைச் சேர்க்க 1990 வரை இழுத்தடித்து, உயர் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகே சேர்த்ததாம். எங்கள் நாட்டில் பெண்கள் 1931இலேயே வாக்குப் போட்டார்கள் என்று நான் சொன்னதும் அவள் நம்பவில்லை. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, உண்மைதான்!” என்று ரெயிலில் சத்தம் போட்டுவிட்டாள்.

பேர்ண் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தங்கைக்கு விடிய ஐந்து மணிக்கு வேலை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தாள். அடுத்த லீவு எப்போது என்று விரலால் எண்ணிவிட்டு, மகளைக் கூப்பிட்டாள்.

“பிள்ளை, அந்த அன்னாவின்ரை ஊர் என்ன பேர் சொன்னனீ? அங்கை போக ரிக்கெற் எவ்வளவு எண்டு பார்.”